முதியவர் தனியாக வாழும் வீட்டில் ஒரு ரோபோ: எங்கிருந்து தொடங்குவது

வயதான அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்கிறார்கள், நீங்கள் வேறு ஊரில் இருக்கிறீர்கள், ஒரு ரோபோ வாங்கி வைத்தால் ஒத்தாசையாக இருக்குமே என்று தோன்றியிருக்கிறது. அல்லது நீங்களே அந்தப் பெரியவர், யாரையும் எதிர்பார்க்காமல் இன்னும் பல வருடம் சொந்த வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். அவர் வீட்டில் இப்போது இரண்டு ரோபோக்கள் வேலை செய்கின்றன, மூன்றாவது ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ரோபோவைப் பார்த்துவிட்டு அதற்கு வேலை தேடினால் காசும் போகும், அவர் மனமும் நோகும். எந்த வேலை கஷ்டமாக இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அதைச் செய்யும் கருவி இருக்கிறதா என்று அப்புறம் தேடுங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு வாரம், ஒரு நோட்டு

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் எழுதாதீர்கள், அவரையே எழுதச் சொல்லுங்கள், எழுத முடியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இன்று எந்த வேலை சிரமமாக இருந்தது, எத்தனை மணிக்கு, அதற்கு என்ன செய்தார், அவ்வளவுதான். ஏழு நாள்.

என் அம்மாவுக்கு வீடு பெருக்குவதுதான் பெரிய பாடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டில் அது ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது வேறு: மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது, குனிந்து எடுக்க முடியவில்லை, பேனா விழுந்தது, அப்படியே விட்டுவிட்டேன், சாவி விழுந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன், தலை சுற்றியது. இதற்கு ரோபோவே தேவையில்லை. நுனியில் இடுக்கி வைத்த நீளமான கோல் ஒன்று போதும், விசையை அழுத்தினால் பொருளைக் கவ்விக்கொள்ளும். அதை வாங்கிக் கொடுத்த அன்றே பிரச்சினை பாதி தீர்ந்தது. வெறும் கோலோ, சுவரில் ஒரு கைப்பிடியோ, கூடுதலாக ஒரு விளக்கோ செய்துவிடக்கூடிய வேலைக்கு ரோபோவைத் தேடாதீர்கள்.

முதியோர் பராமரிப்பில் இருப்பவர்கள் அன்றாட வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்கிக்கொள்வது, சாப்பிடுவது ஆகிய ஆறும் ஒரு பட்டியல். 1963இல் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் போட்டது. போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பார்த்துக்கொள்வது, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்வது, பணம் காசைக் கவனிப்பது என்ற எட்டும் இன்னொன்று. லாட்டனும் பிராடியும் 1969இல் போட்டது. உங்கள் நோட்டில் இருப்பதை இந்த இரண்டாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். இன்று வீட்டு உபயோகத்துக்குக் கிடைக்கும் ரோபோக்கள் பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில்தான், அதிலும் சில வேலைகளுக்கு மட்டும்தான் கைகொடுக்கும். குளிக்க முடியவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை என்பதே நோட்டு முழுக்க இருந்தால் ரோபோ தேடுவதை நிறுத்திவிட்டு, வந்து உதவ ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.

அவரிடம் கேட்டீர்களா

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆச்சரியப்படுத்தலாம் என்று பெட்டியோடு போய் இறங்குகிறவர்கள் நிறைய. பெரியவருக்கு அது, “உனக்கு இனிமேல் தனியாக முடியாது” என்று சொன்னது போலக் கேட்கும். வீடு அவருடையது, ரோபோவும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். என் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: “எந்த ரூமுக்குள்ள அது வரலாம், வரக்கூடாதுன்னு நான்தான் சொல்வேன்.” அதுவே எங்கள் வீட்டில் முதல் விதியாகிவிட்டது.

மூன்றைக் கேளுங்கள். எதை இன்னும் உங்கள் கையாலேயே செய்ய ஆசைப்படுகிறீர்கள்? எதை யாராவது செய்துவிட்டால் நன்றாக இருக்கும்? வீட்டில் எதைப் பார்த்தால் எரிச்சல் வரும்? முதல் கேள்விக்கு வரும் பதிலில் கை வைக்காதீர்கள். காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவருக்குப் பிடித்த வேலை என்றால், அது அவருக்கு உடற்பயிற்சியும்கூட, அதைக் கருவியிடம் பிடுங்கிக் கொடுத்துவிட்டால் கை கால் இன்னும் சீக்கிரம் தளர்ந்துபோகும்.

என்னென்ன கிடைக்கின்றன, எவை உதவும்

ரோபோ என்றதும் மனித உருவத்தில் வந்து கை கொடுத்துத் தூக்கிவிடும் ஒன்று மனதில் வரும். அப்படி வீட்டுக்கு வாங்கி வைக்கும் நிலை இன்னும் வரவில்லை. ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015இல் ரோபேர் என்று ஒன்றைக் காட்டியது, கரடி முகத்தோடு, படுக்கையிலிருந்து ஆளைக் கைகளில் ஏந்தி நாற்காலியில் உட்கார வைக்கும். அதன் எடையே 140 கிலோ. ஆளைத் தூக்கும்போது தானே கவிழாமல் இருக்க அடியில் இருக்கும் கால்களை நீட்டிக்கொள்ளும். அது ஆய்வுக்கூடக் கருவி, வீட்டுக்கு வரவில்லை. அதே ஜப்பானில் பானாசோனிக் செய்த ரெசியோன் வேறு வழியில் போனது: கட்டிலின் ஒரு பாதி பிரிந்து சக்கர நாற்காலியாக மாறிவிடும், ஆளைத் தூக்கவே வேண்டியதில்லை. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். தூக்குவதுதான் கஷ்டம் என்றால் தூக்காமலே வேலை முடியுமா என்று பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வருபவற்றில் பழையது தரை சுத்தம் செய்யும் ரோபோ. ரூம்பா 2002இல் விற்பனைக்கு வந்தது, அப்புறம் எத்தனையோ கம்பெனிகள் செய்கின்றன. குனிந்து பெருக்குவதால் வரும் தலைசுற்றலும் இடுப்பு வலியும் இதனால் குறையும். முதல் ரோபோவாக வாங்க இதுதான் தோதானது. தப்பு நடந்தாலும் பெரிய ஆபத்தில்லை, ரோபோ என்றால் என்ன என்று பெரியவருக்கும் பழகிவிடும்.

அடுத்தது மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கருவி. நேரத்துக்கு ஒலி எழுப்பி, அந்த வேளைக்கான மாத்திரைகளை மட்டும் கீழே தள்ளும், எடுக்காவிட்டால் உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பேச்சுத் துணைக்கென்று இருப்பவை இன்னொரு வகை. எல்லிக்யூ மேசை மேல் உட்கார்ந்திருக்கும், நடக்காது, விளக்கு போலத் தலையைத் திருப்பும். நாம் கூப்பிடும்வரை காத்திருக்காமல் அதுவே பேச்சை ஆரம்பிக்கும், இன்று தண்ணீர் குடித்தீர்களா, கொஞ்சம் நடக்கலாமா என்று கேட்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநில முதியோர் துறை 2022இல் 800க்கும் மேற்பட்ட முதியவர்களுக்கு இதைக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. பாரோ வேறு மாதிரி. சீல் என்ற கடல்நாயின் குட்டி போல வெள்ளை ரோமத்தோடு இருக்கும், பேசாது, தடவினால் கண் சிமிட்டும், குரல் எழுப்பும். ஜப்பானில் தகானோரி ஷிபாட்டா 1993இலேயே தொடங்கிய வேலை அது, 2009இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாக அங்கீகாரம் பெற்றது. மறதி நோய் உள்ளவர்கள் பதற்றப்படும்போது மடியில் வைத்துத் தடவினால் அமைதியாவதை முதியோர் இல்லங்களில் பார்த்திருக்கிறார்கள். குழந்தையின் சூப்பான் போல ஒன்றை வாயில் வைத்தால் சார்ஜ் ஏறும். அதை வைக்கிறவருக்கு அது ஊட்டிவிடுவது போலத்தான் இருக்கும்.

சக்கரத்தில் திரை ஒன்றைத் தாங்கி நகர்ந்து வந்து வீடியோவில் பேசவைப்பவை, அறைக்கு அறை தட்டைச் சுமந்து வருபவை, கரண்டியால் எடுத்து வாய்க்கருகே கொண்டுவருபவை என்று இன்னும் இருக்கின்றன. கை நடுங்குபவருக்குக் கடைசியில் சொன்னது பெரிய விடுதலை. ஓபி என்ற கருவியில் நாலு கிண்ணங்கள் இருக்கும், எதிலிருந்து எப்போது வேண்டும் என்று சாப்பிடுகிறவரே பொத்தானை அழுத்திச் சொல்வார், யாரோ ஒருவர் வேகத்துக்கு அவசர அவசரமாக விழுங்க வேண்டியதில்லை.

கை வைத்த ரோபோக்களில் ஸ்ட்ரெச் என்பது 2020இல் வந்தது: மெலிந்த கம்பம், நீண்டு சுருங்கும் ஒரு கை, நுனியில் கவ்வி, சுமார் 2 கிலோ வரை தூக்கும். ஆய்வாளர்களும், உடல் அசைவு ரொம்பக் குறைந்துபோன சிலரும் வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிறார்கள், கடையில் போய் வாங்கி வந்து மறுநாளே ஓட்டும் அளவுக்கு எளிது கிடையாது. ஆனாலும் இந்த வகை எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஹென்றி எவன்ஸைப் பற்றிப் படியுங்கள். 2002இல் பக்கவாதம் வந்து பேச்சும் கை காலும் போனவர். 2011 வாக்கில் பிஆர்2 என்ற பெரிய ஆய்வு ரோபோவைத் தலை அசைவால் கணினி வழியே இயக்கித் தன் கன்னத்தைத் தானே சவரம் செய்துகொண்டார், அரித்த இடத்தைத் தானே சொறிந்துகொண்டார். அரிப்பெடுத்தால் யாரையாவது கூப்பிட வேண்டும் என்று வருடக்கணக்கில் இருந்தவருக்கு அது என்னவாக இருந்திருக்கும்! பெரியவருக்கு ரோபோ எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

இன்டர்நெட் போய்விட்டால் என்னென்ன வேலை செய்யும்? இதுதான் என் முதல் கேள்வி. பல ரோபோக்களின் மூளை வீட்டில் இருப்பதில்லை, எங்கோ இருக்கும் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. ஜிபோ என்ற பேசும் ரோபோ 2017இல் வந்தது, குடும்பத்தில் ஒருவர் போலப் பழகியவர்கள் இருந்தார்கள். கம்பெனி நொடித்துப்போய், 2019இல் சர்வர்களை நிறுத்தப்போகிறார்கள் என்று அந்த ரோபோவே தன் வாயால் அறிவித்து நன்றி சொன்னது. வயதான ஒருவர் தினமும் பேசிக்கொண்டிருந்த ஒன்று இப்படி விடைபெற்றால் அது வெறும் கருவி பழுதானது போல இருக்காது. ஆகவே பேச்சுத் துணை ரோபோ வாங்கும்போது மாதச் சந்தா உண்டா, அதை நிறுத்தினால் எது மிஞ்சும், கம்பெனி மூடினால் எது மிஞ்சும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அவர் பேசும் பேச்சு அதற்குப் புரிகிறதா? மொழி இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தால் போதாது. அவரையே, பல் செட் போட்டும் போடாமலும், உட்கார்ந்தும் படுத்தும் பேசச் சொல்லிப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பின் குழறும் பேச்சையும், பார்க்கின்சன் நோயால் மெலிந்த குரலையும் பல கருவிகள் பிடிப்பதில்லை.

நகர்ந்து வரும் ரோபோ, ஆளைத் தொடும் ரோபோ என்றால் ஐஎஸ்ஓ 13482 தரச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். மனிதர் பராமரிப்பு ரோபோக்களின் பாதுகாப்புக்கென்றே 2014இல் வந்த சர்வதேசத் தரம் அது. மேலே சொன்ன ரெசியோன் அந்தச் சான்றை ஆரம்பத்திலேயே வாங்கியது. அப்புறம், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், பேட்டரியைத் தனியாக மாற்ற முடியுமா, பழுதானால் யார் வருவார்கள். இவற்றை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

வீட்டைத் தயார் செய்வது

ரோபோ வருவதற்கு முந்தின வாரம் வீட்டைத் தரை மட்டத்திலிருந்து பாருங்கள், நிஜமாகவே உட்கார்ந்து பாருங்கள். வாசற்படித் தடுப்புகளின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். தரை சுத்தம் செய்யும் ரோபோக்கள் பெரும்பாலும் 2 செ.மீ. அளவுக்குத்தான் ஏறும். தொங்கும் போர்வை நுனி, வயர், மெல்லிய விரிப்பு எல்லாம் சக்கரத்தில் சிக்கும். சிக்கினால் ரோபோ நின்றுபோவது பெரிய விஷயமில்லை, அதை விடுவிக்கப் பெரியவர் குனிவார், அதுதான் விஷயம். விரிப்பை எடுத்துவிடுங்கள், அது அவர் காலைத் தடுக்கி விழாமலும் காப்பாற்றும்.

கறுப்பு விரிப்பும் அடர்ந்த நிறத் தரையும் சில ரோபோக்களைக் குழப்பும். அடியில் இருக்கும் சென்சார் அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்த்துத்தான் படிக்கட்டின் விளிம்பைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு அந்தக் கதிரை உறிஞ்சிவிடுவதால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று நினைத்துப் பின்வாங்கிவிடும். கேமராவை வைத்து வழி பார்க்கும் ரோபோ இருட்டில் தடுமாறும், லேசரை வைத்துப் பார்ப்பது தடுமாறாது, ஆனால் பெரிய கண்ணாடியும் கண்ணாடிக் கதவும் அதை ஏமாற்றும்.

சார்ஜ் ஏற்றும் மேடையை எங்கே வைப்பது என்பதில் நேரம் செலவழியுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் கண்டிப்பாகக் கூடாது. இரவில் விளக்குப் போடாமல், பாதித் தூக்கத்தில் நடக்கும் வழி அது. ரோபோவே கால் தடுக்கும் பொருள்தான் என்பதை மறக்க வேண்டாம், தரையோடு தரையாக, தரையின் நிறத்திலேயே இருக்கும். அம்மா வீட்டில் அதன் மேல் பளிச்சென்ற மஞ்சள் நாடாவைக் குறுக்காக ஒட்டியிருக்கிறோம். அவர் ஹாலில் உட்கார்ந்திருக்கும் காலைப் பொழுதில் மட்டும் ஓடும், ஓட ஆரம்பிக்கும் முன் குரல் கொடுக்கும். மேடையின் வயரைச் சுவரோடு ஒட்டிவிட்டோம்.

வைஃபை படுக்கையறை மூலைவரை எட்டுகிறதா என்று போனை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். வைஃபையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு, பல வீட்டு ரோபோக்கள் 2.4இல் மட்டும்தான் இணையும். இணைய மாட்டேன் என்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் அதைச் சரிபாருங்கள். மின்சாரம் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடும், எச்சரிக்கைச் செய்தி உங்களுக்கு வராது. அந்தப் பெட்டிக்கு மட்டுமாவது ஒரு சிறிய பேட்டரி வைத்துவிடுங்கள்.

முதல் வாரங்கள்

ஒரு நேரத்தில் ஒன்று. அதில் இருக்கும் முப்பது வசதியையும் முதல் நாளே காட்டினால் எதுவும் நிற்காது. முதல் வாரம் நிறுத்துவதை மட்டும் கற்றுக்கொடுங்கள்: எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும், எப்படி அணைப்பது. இதை நான் ஓட்டுவதற்கும் முன்னால் வைக்கிறேன், ஏனென்றால் நிறுத்தத் தெரிந்தால் பயம் போய்விடும். பத்து முறை நிறுத்திப் பார்க்கட்டும். இரண்டாவது வாரம் ஓட்டுவது. மூன்றாவது வாரம் நீங்கள் இல்லாமல்.

குரலைக் கவனியுங்கள். வயதாகும்போது காதில் முதலில் மங்குவது உச்சஸ்தாயி ஒலிகள். மெல்லிய கீச்சுக் குரலில் பேசும் ரோபோவின் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் சொல் தெளியாது. தாழ்ந்த குரலைத் தேர்ந்தெடுத்து, வேகத்தைக் குறைத்து வையுங்கள். தொடுதிரையில் இன்னொரு சிக்கல்: முதியவர்களின் விரல் நுனி உலர்ந்திருந்தால் திரைக்குத் தொட்டதே தெரியாது. என் அம்மா அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, “எனக்கு இதெல்லாம் வராது” என்று ஒதுங்கிவிட்டார். தொடுதிரைக்கென்றே விற்கும் ரப்பர் நுனிப் பேனா ஒன்றைக் கொடுத்ததும் அன்று மாலையே பழகிவிட்டார். வராது என்று அவர் சொன்னால் அவரை நம்பாதீர்கள், கருவியைச் சந்தேகப்படுங்கள்.

மாத்திரைக் கருவி, கொஞ்சம் கண்டிப்போடு

மருந்தாளுநரிடம் முழுப் பட்டியலையும் காட்டாமல் இதை நிரப்பாதீர்கள். உறையிலிருந்து பிரித்து வைக்கக் கூடாத மாத்திரைகள் இருக்கின்றன, ஈரமும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். குளிர்ச்சியில் வைப்பவையும் திரவ மருந்துகளும் இதில் அடங்காது, அவற்றுக்குப் பழைய ஏற்பாடே தொடர வேண்டும். வலிக்கு, தேவைப்பட்டால் மட்டும் என்று கொடுத்ததை இதில் போடக் கூடாது. டாக்டர் அளவை மாற்றினால் அன்றே கருவியைத் திறந்து மாற்றுவது யார் பொறுப்பு என்று ஒருவர் பெயரை முடிவு செய்துவிடுங்கள், எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதல் இரண்டு வாரம் பழைய முறையில் எழுதி வைக்கும் குறிப்பையும் விடாமல் தொடருங்கள், தினமும் இரவில் இரண்டையும் ஒப்பிடுங்கள். கருவி மாத்திரையைத் தள்ளியது என்பதுதான் உங்கள் போனுக்கு வரும், அவர் விழுங்கினார் என்பது வராது. அம்மா வீட்டில் ஒருமுறை மூன்று நாளும் சரி என்றே செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் மேசை ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் ராத்திரி மாத்திரைகள் அப்படியே இருந்தன. போட்டால் தூக்கம் கலைந்து சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது, இருட்டில் நடக்கப் பயம், அதனால் எடுத்து வைத்துவிட்டார். டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிய பிறகுதான் சரியானது.

விழுந்துவிட்டால்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வருடத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். விழுந்தது மட்டுமில்லை, விழுந்தபின் எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதால் வரும் கேடும் பெரிது: நீர்ச்சத்து குறையும், தோல் புண்ணாகும், தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கும். நகரும் ரோபோ இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அது வேறு அறையில் இருக்கலாம், சார்ஜில் இருக்கலாம், குளியலறைக் கதவு சாத்தியிருக்கலாம். கழுத்திலோ மணிக்கட்டிலோ அணியும் அவசரப் பொத்தான் தனியாக வேண்டும், நனையலாம் என்று சான்றுள்ளதாக, குளிக்கும்போதும் கழற்றாததாக.

ஒத்திகை பாருங்கள். நீங்கள் தரையில் படுத்துக்கொண்டு, முகம் தரைப் பக்கம் இருக்க, மெல்லிய குரலில் ரோபோவைக் கூப்பிட்டுப் பாருங்கள், ஒவ்வொரு அறையிலும். மேசை உயரத்தில் நன்றாகக் கேட்டது தரையிலிருந்து கேட்காமல் போகும், நாற்காலியும் கட்டிலும் மறைக்கும், டிவி ஓடினால் இன்னும் மோசம். கேட்டு உங்கள் போனுக்கு அழைப்பு வந்தால் அப்புறம் என்ன? பக்கத்தில் யாரிடம் சாவி இருக்கிறது, அவர் எத்தனை நிமிடத்தில் வருவார்? அந்தக் கடைசிப் பகுதிக்குப் பதில் இல்லாவிட்டால் முந்தினது எல்லாம் வீண்.

கேமரா

நாங்கள் திருப்பிக் கொடுத்தது சக்கரத்தில் வந்து வீடியோ பேசவைக்கும் ரோபோவை. தப்பு என்னுடையது. அம்மா போனை எடுக்கவில்லையே என்று ஒரு மதியம் என் போனில் ரோபோவின் ஆப்பைத் திறந்து, அழைப்பு மணிகூட இல்லாமல் அவர் அறைக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அவர் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த துண்டை அப்படியே அதன் மேல் போட்டுவிட்டார். அடுத்த தடவை நான் போனபோது அது சுவரைப் பார்த்து நின்றிருந்தது, துண்டோடு.

அதனால் சொல்கிறேன், முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். மணி அடித்து அவர் எடுத்தால்தான் படம் தெரிய வேண்டும். அவர் எடுக்காவிட்டாலும் தானாகத் திறக்கும் வசதி வேண்டுமென்றால் எந்தச் சூழ்நிலையில், யார் திறக்கலாம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், உதாரணத்துக்கு இரண்டு மணி நேரம் எந்த அழைப்பையும் எடுக்காமல் இருந்தால். கேமராவுக்கு மேல் கையால் மூடும் மூடி இருக்க வேண்டும், ஆப்பில் அணைத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது, மூடியிருப்பது கண்ணுக்குத் தெரியும். படுக்கையறையையும் குளியலறையையும் வரைபடத்தில் போகக் கூடாத இடமாகக் குறித்துவிடுங்கள்.

வெளியாள் புகுவதும் நடக்கிறது. 2024இல் அமெரிக்காவில் சில வீடுகளில் தரை சுத்தம் செய்யும் ரோபோக்களை யாரோ கைப்பற்றி, அவற்றின் ஸ்பீக்கர் வழியாகவே வீட்டில் இருந்தவர்களைத் திட்டினார்கள். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்பது), வைஃபையில் ரோபோவுக்கென்று தனி விருந்தினர் இணைப்பு ஆகிய மூன்றையும் செய்துவிட்டு, உதவிக்கு வந்த ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றே அவரை ஆப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மறதி நோய் இருந்தால் ஒரு வார்த்தை. போன வாரம் சம்மதித்ததை இந்த வாரம் மறந்திருப்பார், தானாக நகரும் ஒன்றைப் பார்த்துப் பயந்துபோகலாம். நகராத, பேசாத, மடியில் வைத்துக்கொள்ளும் வகையே இவர்களுக்கு ஒத்துப்போகும், அதுவும் அவர் முகம் சுளித்தால் எடுத்துவிட வேண்டும், சம்மதத்தை ஒவ்வொரு நாளும் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு மாதம் கழித்து

அந்த நோட்டை மறுபடியும் ஒரு வாரத்துக்குக் கொடுங்கள், பழைய பக்கங்களைப் பார்க்காமல் எழுதட்டும். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வரிக்காக ரோபோ வாங்கினீர்களோ அந்த வரி குறைந்திருக்கிறதா? புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா, பிரஷில் சிக்கிய முடியை எடுக்க முடியவில்லை, அது பேசினால் திடுக்கிடுகிறது என்பது போல? நீங்கள் நேரில் போகும் நாட்களையும் எண்ணிப் பாருங்கள். ரோபோ வந்தபின் அது குறைந்திருந்தால் அவருக்கு நஷ்டம்தான், அந்த நாட்களைத் திரும்பக் கொடுங்கள். வரி குறையவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

வைத்துக்கொள்வதாக முடிவானால், சென்சாரைத் துடைப்பதும் பிரஷைச் சுத்தம் செய்வதும் உங்கள் வேலை, போகும்போதெல்லாம் செய்யுங்கள். சார்ஜ் மேடைக்கு மேலே சுவரில், நின்றபடி படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: எப்படி நிறுத்துவது, சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. அம்மா வீட்டுத் தாளில் நான் எழுதிய மூன்று வரிக்குக் கீழே, அவர் கையெழுத்தில் நாலாவது ஒன்று இருக்கிறது: “எட்டு மணிக்கு மேல் ஓடக் கூடாது. நான் பாட்டு கேட்பேன்.”